டாட்டா காட்டும் கட்டுரைகள்

சென்ற மாதம் ஒரு நண்பர் தன் கட்டுரையை அனுப்பி, பிரசுரத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னார். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக வெளிநாடு போய், ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு மாதம் சேவை செய்துவிட்டு வந்திருந்தார். கட்டுரை கடைசி நாளில் தொடங்குகிறது. பை கட்டியாயிற்று. வேன் வாசலில் நிற்கிறது. ஒரு சின்னக் கை இவருடைய சட்டையைப் பிடித்திருக்கிறது. இவர் அழுகிறார். கொடுக்கப் போனேன், வாங்கிக்கொண்டு திரும்பினேன் என்ற தொனியில் முடிகிறது. மொழி நன்றாகவே இருந்தது. நான் பதில் போடவில்லை. மூன்று நாள் கழித்து, "என்னடா, பிடிக்கலையா?" என்று கேட்டார்.

இதுதான் அந்தப் பதில். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். திட்டு, ஆனா பேரைப் போடாதே என்றார்.

நண்பரின் கட்டுரை தனிப்பட்ட முறையில் மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் இப்போது இப்படி ஒரு வகை உருவாகிவிட்டது என்பதுதான் என் பிரச்சினை. கம்போடியா, கொல்கத்தா, வன்னி என்று ஊர் மட்டும் மாறும். வேன், சின்னக் கை, கண்ணீர் மூன்றும் அப்படியே இருக்கும். கூடவே ஒரு படம்: நடுவில் கட்டுரையாளர், சுற்றிலும் பெயர் தெரியாத பிள்ளைகள். நம் இதழ்களும் அதை 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகின்றன. கவிதை என்றால் வரிக்கு வரி கேள்வி கேட்கிற நாம், யாராவது நல்லது செய்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அப்படிப் பேசாமல் இருக்க என்னால் முடியாததற்குக் காரணம், அந்தப் படத்தின் மற்ற பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் மாலை வகுப்பு நடக்கும். பெயர் வேண்டாம். நாங்கள் கத்தோலிக்கர்கள் இல்லை. வீட்டில் காளியம்மன் படம்தான். ஆனால் அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட், அப்பா லாரி ஓட்டினார். பள்ளி விட்டதும் என்னையும் தங்கையையும் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. சிஸ்டர்கள் மைலோ கலக்கிக் கொடுத்து, கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து, ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். காசு வாங்கியதில்லை. ஜெபம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் குறையும் அவர்கள்மேல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுக்கு மூன்று முறை வெளிநாட்டுத் தொண்டர்கள் வருவார்கள். ஆறு வாரம் இருப்பார்கள். முதல் வாரம் எங்கள் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். மூன்றாவது வாரத்தில் யார் யாருடைய செல்லம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்தாவது வாரம் கலர் காகிதம் வெட்டி வாழ்த்து அட்டை செய்யும் வேலை எங்களிடம் வரும். ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை கேக், பாட்டு, படம், அழுகை. திங்கட்கிழமை மறுபடியும் பின்னம், தசமம்.

நான் ஏழு வயதில் சேர்ந்து, பன்னிரண்டு வயதில் யூ.பி.எஸ்.ஆர். எழுதிவிட்டு வெளியே வந்தேன். ஆறு ஆண்டு, ஆண்டுக்கு மூன்று: மொத்தம் பதினெட்டு விடைபெறல். அழுதுகொண்டு விமானம் ஏறிய ஒவ்வொருவருக்கும் அது வாழ்க்கையில் ஒருமுறை நடந்தது. எங்களுக்கு அது பள்ளி விடுமுறை மாதிரி, நாட்காட்டியில் இருந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் இருந்தான், என்னைவிட ஒரு வயது சின்னவன். பத்தாவது குழுவோ பதினோராவதோ வந்தபோது தன் பெயரை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு குழுவுக்கு ரவி. அடுத்த குழுவுக்கு முரளி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றினோம். யாராவது மறந்துபோய் உண்மைப் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் மற்றவர்கள் இருமுவோம். ஆறு வாரமும் அவர்கள் அவனை ரவி என்றே கூப்பிட்டு, ரவி என்று சொல்லியே கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். ஐரோப்பாவில் யாருடைய நினைவிலோ, யாருடைய ஆல்பத்திலோ, ரவி என்று ஒரு பினாங்குச் சிறுவன் இன்னமும் இருக்கிறான்.

அப்போது அது எங்களுக்குக் குறும்பு. இப்போது யோசித்தால், பதினெட்டு தடவை கொடுத்து வாங்கித் தேய்ந்துபோகாமல் இருக்க அவன் தன் பெயரை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஓர் அக்கா, பத்தொன்பது வயது இருக்கும், யூ.பி.எஸ்.ஆர். முடிவு வரும்போது நான் இங்கே உன் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு வந்தது. அவர் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்த்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரை அல்ல. பத்தொன்பது வயதில் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது. ஓர் அஞ்சலட்டை வந்தது, எல்லோருக்கும் சேர்த்து.

நாங்கள் ஆதரவற்ற பிள்ளைகள்கூட இல்லை. ஆறு மணிக்கு அம்மா வந்துவிடுவார். இரவும் அங்கேயே தூங்கி எழும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதை 2010-இல் லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கச் சூழலை வைத்து எழுதினார்கள். இல்லத்தில் வளரும் குழந்தை முன்பின் தெரியாதவர்களிடமும் ஓடி வந்து ஒட்டிக்கொள்வதைத் தொண்டர்கள் அன்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நிலையான உறவு கிடைக்காத பிள்ளையிடம் காணப்படும் அடையாளம், ஒவ்வொரு புதிய ஒட்டுதலும் வாரக் கணக்கில் அறுபடும்போது காயம் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். இதை வைத்து நண்பரின் கட்டுரையை மறுபடி படித்துப் பாருங்கள். சட்டையைப் பிடித்த அந்தச் சின்னக் கையை அவர் தனக்குக் கிடைத்த பரிசாக எழுதியிருக்கிறார். அது வந்து இரண்டு மாதமே ஆன ஒருவரை ஏன் அப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வி கட்டுரையில் எங்கேயும் இல்லை.

சரி, நான் மட்டும் ஒழுங்கா?

2019-இல், படிப்பு முடித்து வேலை கிடைப்பதற்கு இடைப்பட்ட நேரத்தில், நானும் போனேன். கொல்கத்தா, அன்னை தெரசாவின் சபை, மூன்று வாரம். ஏன் போனாய் என்று கேட்டால் நேர்மையான பதில் இதுதான்: அந்தப் பதினெட்டு குழுக்களில் ஒருவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

காலையில் ஏ.ஜே.சி. போஸ் சாலையில் இருக்கும் தலைமை இல்லத்தில் தொண்டர்கள் கூடுவோம். ரொட்டி, வாழைப்பழம், டீ. பிறகு ஜெபம். பிறகு, அன்றோடு கிளம்புகிறவர்கள் யாரென்று கேட்டு, அவர்களுக்காக எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன நன்றிப் பாட்டுப் பாடுவோம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கைதட்டல். உடனே அவரவர் பஸ்ஸைப் பிடித்து காளிகாட், பிரேம் தான் என்று வேலைக்குப் போய்விடுவோம். பாட்டு வாங்கியவரும் போவார். அவருக்கு அன்று வேலை பாக்கி இருக்கிறது.

முதல் நாள் இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக, தொழிற்சாலைக் கன்வேயர் மாதிரித் தெரிந்தது. மூன்றாவது வாரம்தான் அதிலிருக்கும் விவரம் புரிந்தது. விடைபெறல் காலையிலேயே, வேலைக்கு முன்னாலேயே, தொண்டர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. படுக்கையில் கிடப்பவர் முன்னால் யாரும் கேக் வெட்டுவதில்லை. திட்டமிட்டே அப்படி வைத்தார்களா, வழக்கமாக அமைந்துவிட்டதா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போகிறவருடைய உணர்ச்சியைப் போகிறவர்களே சுமக்கட்டும் என்கிற ஏற்பாடு அது. அந்தச் சபைமேல் மருத்துவம், பணம், மதம் என்று பல ஆண்டுகளாகக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. படித்திருக்கிறேன், சிலவற்றை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். அது வேறு கட்டுரை. இந்த ஒரு நிமிஷப் பாட்டு விஷயத்தில் அவர்கள் நம் இதழாசிரியர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

காளி கோயிலை ஒட்டி, பழைய யாத்ரீகர் சத்திரம் ஒன்றில் 1952-இல் தொடங்கிய நிர்மல் ஹிருதயில் எனக்குக் கிடைத்தது துணி துவைக்கும் வேலை. தொட்டித் தொட்டியாகச் சோப்புத் தண்ணீர், அலசல். போர்வை என்றால் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். பிறகு மொட்டை மாடி. பிள்ளைகளோடு இருக்கும் வேலை கிடைக்கவில்லையே என்று முதல் இரண்டு நாள் வருத்தமாகக்கூட இருந்தது. யோசித்துப் பார்த்தால், மூன்று வாரம் மட்டுமே இருக்கப்போகிற ஒருவனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. போர்வைக்கு என் பெயர் தெரியாது. நான் கிளம்பிய மறுநாள் அதே தொட்டியில் வேறொருவர் நின்றிருப்பார், போர்வையும் வெளுத்திருக்கும்.

திரும்பும் விமானத்தில் நானும் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். ஆமாம், அதே கட்டுரை. இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு முதியவர் கடைசி நாளன்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். உண்மையில் அவர் பிடித்திருந்தது கட்டில் கம்பியை. எழுதும்போது என் விரல்கள் தானாகவே கம்பியைக் கையாக மாற்றிவிட்டன. பயந்துபோய் அழித்துவிட்டேன்.

அந்தச் சபையை உருவாக்கியவரின் வாழ்க்கையிலும் ஒரு விடைபெறல் உண்டு. 1928 செப்டம்பரில் ஸ்கோப்யே ஊரிலிருந்து கன்னியர் மடத்தில் சேரக் கிளம்பிய 18 வயதுப் பெண்ணை, அம்மா ஸாக்ரெப் ரயில் நிலையம்வரை கூடவே வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அல்பேனியக் கம்யூனிச அரசு அம்மாவை வெளியே விடவும் இல்லை, மகளை உள்ளே விடவும் இல்லை. 1972-இல் அம்மா டிரானாவில் இறந்தபோது மகளை உலகத்துக்கே தெரியும்.

இங்கே எங்கள் தீவிலும் அப்படி வந்தவர்களின் சுவடு இருக்கிறது. தஞ்சோங் பூங்காவில் காலேஜ் ஜெனரல் என்று ஒரு குருமடம். 1665-இல் சியாமின் அயுத்யாவில் தொடங்கி, துரத்தப்பட்டு அலைந்து, 1808-இல் பினாங்குக்கு வந்து, நெடுங்காலம் புலாவ் தீக்குஸில் இருந்தது. அதை நடத்தியது பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபை. 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சபையின் பாரிஸ் கோயிலில் கிளம்பும் குருக்களுக்கு ஒரு சடங்கு நடக்கும். அவர்கள் பலிபீடத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். குடும்பத்தாரும் நண்பர்களும் ஒவ்வொருவராக வந்து அவர்களுடைய பாதத்தை முத்தமிடுவார்கள். அதற்கென்றே ஷார்ல் கூனோ இசையமைத்த பாடல் உண்டு. திரும்பி வருவார்கள் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. பினாங்குக் குருமடத்தில் ஆசிரியராக இருந்த ஜாக் சாஸ்தான் இங்கிருந்து கொரியாவுக்குப் போனவர். 1839 செப்டம்பரில் ஆயர் லோரன் இம்பேரோடும் பியேர் மோபானோடும் தலை வெட்டப்பட்டு இறந்தார். வேட்டை கடுமையானபோது முதலில் இம்பேர் சரணடைந்தார். தங்களைத் தேடும் சாக்கில் உள்ளூர் மக்கள் சாக வேண்டாம், நீங்களும் வந்துவிடுங்கள் என்று மற்ற இருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

இவர்களை வணங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. மதம் மாற்ற வந்தவர்கள். தங்கள் கடவுளுக்கு வெளியே இருந்ததெல்லாம் இருட்டு என்று நம்பியவர்கள். எங்கள் வீட்டுக் காளியம்மனைப் பற்றி அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஆனால் அந்த விடைபெறல் எந்தத் திசையில் நடந்தது என்று மட்டும் கவனியுங்கள். ஸாக்ரெப் ரயில் நிலையத்திலும் பாரிஸ் கோயிலிலும் அழுதவர்கள் போகிறவர்களின் சொந்த ஆட்கள். பெற்ற தாய், கூடப் பிறந்தவர், நண்பர். சேவைக்கான விலையைப் போகிறவரும் போகிறவரின் வீடும் கொடுத்தார்கள், முன்கூட்டியே கொடுத்தார்கள். இன்றைய தொண்டர் வீட்டில் இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போன இடத்தில் அழுகிறார். விடைபெறல் திசை மாறிவிட்டது. பில்லும் இப்போது அந்தச் சின்னக் கையிடம் போகிறது.

தமிழுக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால் மட்டக்களப்பு. அமெரிக்காவின் லூசியானா பக்கத்திலிருந்து இயேசு சபைக் குருக்கள் அங்கே போய்த் தமிழ் பேசி வாழ்ந்தார்கள். ஃபாதர் ஹாரி மில்லர் 1948-இல் வந்தார். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றினார். போர் வந்தபோது காணாமல் போனவர்களின் விவரங்களை வாங்கி எழுதி, அவர்களின் தாய்மார்களுக்காக அதிகாரிகளிடம் போய்க் கேள்வி கேட்டார். 2019 ஜனவரி 1 அன்று, எழுபது ஆண்டுகள் கழித்து, இறந்தார். அதே கல்லூரியின் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்த ஃபாதர் யூஜின் ஹீபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் கிளம்பினார். கூட ஒரு தமிழ் இளைஞர். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்றுவரை உடலும் கிடைக்கவில்லை. அந்த ஊரில் எத்தனையோ தமிழ் வீடுகளுக்கு என்ன நடந்ததோ அதுவே அவருக்கும் நடந்தது. விடைபெறுவதற்கு அங்கே யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை.

இங்கே நண்பர் குறுக்கே வருவார் என்று தெரியும். "அப்போ என்ன, ஆயுசு முழுக்கக் கொடுக்க முடிஞ்சவன் மட்டும்தான் போகணுமா? மத்தவன் வீட்டிலேயே உட்காரணுமா?"

இவான் இல்லிச் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்சிகோவின் கிராமங்களுக்குச் சேவை செய்யத் தயாராக இருந்த அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். அவரும் அப்போது கத்தோலிக்கக் குரு. வியன்னாவில் பிறந்தவர், மெக்சிகோவில் அவரும் அந்நியர்தான். உங்கள் நல்லெண்ணம் நாசமாய்ப் போகட்டும் என்கிற ரீதியில் தலைப்பு. பேச்சின் சாரம்: நீங்கள் உதவப்போகிற மனிதர்களின் மொழிகூட உங்களுக்குத் தெரியாது, அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவும் உங்களால் முடியாது, பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள். அழைத்தவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் நண்பருக்கு மூன்று நாள் காத்திருப்பு மிச்சமாகியிருக்கும்.

இல்லிச்சோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. குறிப்பாக, மொழி விஷயத்தில் முழு உடன்பாடு. ரவியின் உண்மைப் பெயரை நாங்கள் தமிழில்தான் கிசுகிசுத்தோம். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டும் கேட்காத மாதிரிதான்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்று, ஐம்பத்தைந்து ஆண்டுகளில் நடந்திருக்கிறது. அவர் திட்டியது பணக்கார வடக்கை. இன்று சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நம்மைப்போன்றவர்கள் கிளம்புகிறோம். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இரண்டு மாதச் சம்பளத்தில் டிக்கெட் வாங்கி, இன்னொரு ஏழையின் பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டோம். நம் பாட்டன்மார் ராஜுலா கப்பலில் பினாங்கில் இறங்கியபோது யாரும் பாட்டுப் பாடவில்லை. இப்போது பாயான் லெப்பாஸில் பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பும் நேப்பாளி, ஹாஸ்டல் வாசலில் பெட்டியை டேப் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் பல ஆண்டு உழைத்துவிட்டு விடைபெறுகிறவர் அவர். அவரிடமிருந்து நம் இதழ்கள் இதுவரை ஒரு கட்டுரை கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் இலக்கிய நண்பர்களிடமிருந்து வரும். உணர்ந்ததை எழுதக்கூடாதா? எழுதுங்கள். ஆனால் ஒரு சோதனை. உங்கள் அலுவலகத்தைக் கூட்டும் அம்மாவின் மகள் உங்களைக் கட்டிப்பிடித்து அழுத படத்தை, அவள் பெயரோடு, அவள் அப்பா குடித்த கதையோடு, அவளைக் கேட்காமல் வெளியிடுவீர்களா? மாட்டீர்கள். நாளைக்கு அவள் அதைப் படிப்பாள், உங்கள் மேசை முன் வந்து நிற்பாள். வெளிநாட்டுக் குழந்தைக்குத் தமிழ் தெரியாது என்பதால்தான் உங்களுக்கு அவ்வளவு உண்மை எழுத வருகிறது. என்னை எழுதியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தப் பையன் வளர்ந்து பொறியியல் படித்து, இணையத்தில் தேடுவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பழைய கட்டுரையில் நான் இருக்கிறேன். பெரிய கண்கள், பசித்த கண்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு எனக்குக் கண்ணில் பவர் கூடியிருந்தது, கண்ணாடி இல்லை. முழித்து முழித்துத்தான் பார்த்திருப்பேன்.

அப்படியென்றால் எதை எழுதுவது?

நான் வேலை செய்யும் இடத்தில் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஷிப்ட் மாறும். போகிறவன் வருகிறவனுக்கு ஹேண்டோவர் எழுதிவைக்க வேண்டும். எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, எந்த சென்சார் பொய் சொல்கிறது, எந்த அலாரத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், எதைத் தொட்டால் மொத்த லைனும் நின்றுவிடும். எழுதாமல் போனால் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும், அதனால் எல்லோரும் எழுதுவோம். அதில் நான் எவ்வளவு களைத்திருக்கிறேன், இந்த லைனை எவ்வளவு நேசித்தேன் என்று யாரும் எழுதுவதில்லை. களைப்பும் இருக்கும், சமயத்தில் நேசமும் இருக்கும். வருகிறவனுக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

மனிதர்களை மெஷினோடு ஒப்பிடுகிறாயா என்று கேட்காதீர்கள். ஒரு மெஷினுக்கு இருக்கும் கவனம்கூடப் பதினெட்டு குழுக்களில் பதினேழுக்கு எங்கள்மேல் இருக்கவில்லை என்பதுதான் என் புகார். ஒவ்வொரு குழுவும் பின்னத்தை முதலிலிருந்து ஆரம்பித்தது. அரை, கால், பீட்சா படம். ஆறு ஆண்டில் நான் எத்தனை பீட்சா வெட்டினேன் என்று கணக்கே இல்லை. வகுத்தலுக்குப் போகும்போது அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

பதினேழு என்று சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு சனிக்கிழமைகளில் அந்தப் பழைய வகுப்புக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்தேன். இப்போது வெளிநாட்டுத் தொண்டர்கள் வருவதில்லை. நாங்கள் நான்கைந்து பேர், எல்லோரும் அங்கே மைலோ குடித்தவர்கள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகம் கிடைத்தது. ஏதோ ஒரு குழுவைச் சேர்ந்தவர் எழுதியது. முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை, அடுத்து வருகிறவருக்கு என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. உட்கார்ந்த வரிசைப்படி இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நாலைந்து வரி. யாருக்கு எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது, யாருக்கு வீட்டில் மலாய் மட்டும் பேசுவார்கள், யாரை ஜன்னல் பக்கம் உட்காரவைக்கக்கூடாது.

என் பெயருக்கு எதிரே: ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த மாதிரி வாயசைப்பான், தெரியாது. கேட்டால் தெரியும் என்பான். தனியாகக் கேள். கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன், சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கண்ணாடி எப்படி வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா எப்போதும் சிஸ்டர் சொன்னாங்க என்றுதான் சொல்வார்.

இரண்டு வரிசை தள்ளி இன்னொரு குறிப்பு: இவன் பெயர் ரவி இல்லை. மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

யார் அவர் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை அழுதாரா என்பதும் நினைவில்லை. அவர் முடித்த இடத்துக்கு அடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்து இரண்டு பக்கம் எழுதி நின்றுவிட்டது. பிறகு வெற்றுப் பக்கங்கள், நிறைய. இப்போது அதில் நாங்கள் எழுதுகிறோம். போன சனிக்கிழமை வராமல்போனது நான். எனக்குப் பதிலாக வந்தவர் திங்கட்கிழமை என்னை அழைத்து, மூன்றாவது வரிசைப் பெண்ணைப் பற்றி நீங்க எழுதியிருப்பது தப்பு, அவளுக்கு வகுத்தல் வரும், உங்களைப் பார்த்தால்தான் பயம் என்றார். திருத்திவைத்திருக்கிறார்.